நாற்காலி போட்ட பிறகு

ஜன்னலோரம் நீங்களே உட்காருங்கள் அண்ணாச்சி. எனக்கு வேண்டாம். ஓரத்தில் உட்கார்ந்தால் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். இன்றைக்கு நான் ஊர்ப் பக்கம் திரும்பிப் பார்க்கக் கூடாது.

விருதுநகர் போகிறீர்களா? நல்லது. நான் மதுரைக்கு எடுத்திருக்கிறேன். மதுரையில் என்ன வேலை என்று கேட்காதீர்கள், ஒரு வேலையும் கிடையாது. மாட்டுத்தாவணியில் இறங்குவேன், ஒரு காபி குடிப்பேன், அடுத்த பஸ்ஸில் ஏறிக் கோவில்பட்டிக்கே திரும்பிவிடுவேன். பைத்தியக்காரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டோமே என்று நினைக்காதீர்கள். கடலைமிட்டாய் எடுத்துக்கொள்ளுங்கள். எடுங்கள், இரண்டாகவே எடுங்கள். பையன்களுக்காக வாங்கியது. இடைவேளையில் நான்தான் ஆளுக்கொன்றாகக் கையில் கொடுப்பேன். கொடுக்கிற கைக்கு ராசி இல்லையென்றால் மிட்டாய் என்ன செய்யும், பாவம்.

ஹாக்கிதான். கோவில்பட்டிக்காரன் வேறு எதைச் சொல்லப் போகிறான்? இந்த நேரத்துக்கு அங்கே விசில் ஊதியிருப்பார்கள். கதிரவன் ஹாக்கி கிளப்புக்கு இந்த வருஷ லீக்கில் இதுதான் கடைசி ஆட்டம். ஜெயித்தால் முதல் நான்கு இடத்துக்குள் நுழைந்து செமி ஃபைனல் போகலாம். தோற்றாலும் டிராவானாலும் வீட்டுக்குப் போகலாம். அந்தக் கிளப்புக்கு நான் தலைவர். ஆமாம், தலைவர். ஆட்டத்தன்றைக்கு விடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி ஓடுகிற தலைவரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் அங்கே இருந்தால் அவர்கள் தோற்பார்கள். சும்மா சொல்லவில்லை. பார்த்து, கவனித்து, உறுதி செய்துகொண்டுதான் சொல்கிறேன்.

இருபத்திரண்டு வருஷம் கனடாவில் இருந்தேன் அண்ணாச்சி. வின்னிபெக் என்று ஒரு ஊர். அங்கேயும் ஹாக்கிதான் உயிர், ஆனால் பனிக்கட்டி மேல் சறுக்கிக்கொண்டு ஆடுவார்கள். என் மகளும் சின்ன வயதில் ஆடினாள். இப்போது அங்கேயே படிக்கிறாள். நானும் என் மனைவி வைதேகியும் போன ஐப்பசியில் திரும்பி வந்தோம். ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று வந்தவன் நான். அதைச் சொல்லும்போதே எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது.

நான் வந்தபோது கதிரவன் கிளப் தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருந்தது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். கிழிந்த காலுறையும் ஒட்டுப்போட்ட ஸ்டிக்குமாக, எதிரே வந்தவர்களையெல்லாம் அடித்துக்கொண்டிருந்தார்கள். கோல் காக்கிற கோலி இருளப்பனுக்குக் காலில் கட்டுகிற பேட் பஞ்சு பிதுங்கிக் கிடந்தது. நான் புதுசு வாங்கிக் கொடுத்தேன். எல்லாருக்கும் ஷூ வாங்கிக் கொடுத்தேன். உடனே பொதுக்குழு கூட்டி என்னைத் தலைவராக்கிவிட்டார்கள். தை பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, ஆட்டத்துக்கு முன்னால், சால்வை போட்டு, பந்தல் கடையிலிருந்து கைப்பிடி வைத்த சிவப்பு நாற்காலி ஒன்று கொண்டுவந்து எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் போட்டு, அதில் என்னை உட்கார வைத்தார்கள்.

அந்த நாற்காலிதான் அண்ணாச்சி.

எங்கள் மைதானத்தில் யாரும் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பதில்லை. சுவரில் ஏறுவார்கள், சைக்கிள் மேல் சாய்வார்கள், கோட்டை ஒட்டி நின்றுகொண்டு ஆடுகிறவனோடு கூடவே ஓடுவார்கள். நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் ஆள் நான். அதற்கு அடுத்த ஆட்டத்திலிருந்து எங்கள் அணி ஜெயிக்கவே இல்லை. ஒரு டிரா. மற்றதெல்லாம் தோல்வி. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கேண்டீன் குருசாமிதான் முதலில் வாயைவிட்டார். மைதானத்து வாசலில் டீக்கடை வைத்திருக்கிறார். "அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீங்க, நீங்க உக்காந்த நேரம் சரியில்ல போலருக்கு" என்றார். நான் சிரித்தேன். படித்தவன் இல்லையா. வீட்டுக்கு வந்து வைதேகியிடம் சொன்னேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "ஒரு தடவை நீங்க போகாமத்தான் இருந்து பாருங்களேன்" என்றாள். அதற்கும் சிரித்தேன். அப்புறம் ராத்திரி தூக்கம் வரவில்லை.

நாற்காலியை மாற்றிப் பார்த்தேன். கோட்டின் மறுபக்கம் போட்டேன். வடக்குப் பார்த்து உட்கார்ந்தேன். எங்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால் போட்டுப் பார்த்தேன், அன்றைக்கு நான்கு கோல் வாங்கினோம், நான்கும் என் மடியில் வந்து விழுகிற மாதிரி வலையில் வந்து மோதின. செண்பகவல்லி அம்மனுக்குத் தேங்காய் உடைத்தேன். பெனால்ட்டி கார்னர் வந்தால் கண்ணை மூடிக்கொண்டேன். சுவரோரமாக நின்றும் பார்த்தேன், உடனே இரண்டு பேர் ஓடி வந்து, "தலைவர் நிக்கலாமா" என்று நாற்காலியை முட்டிக்குப் பின்னால் தள்ளி உட்கார வைத்துவிட்டார்கள். மரியாதை அண்ணாச்சி. மரியாதையை எப்படித் தட்டுவது?

இருங்கள், போன். குருசாமிதான். அவருக்குக் காது மந்தம், கத்துவார். ஸ்பீக்கரில் போடுகிறேன், உங்களுக்கும் கேட்கட்டும்.

"அண்ணாச்சி, எங்க இருக்கீக? ஆட்டம் ஆரம்பிச்சாச்சு. உங்க சேரத் தொடச்சுப் போட்டு வச்சிருக்கு."

"குருசாமி, ஸ்கோர் என்ன?"

"அவங்க ஒண்ணு போட்டுட்டாங்க அண்ணாச்சி. ஆரம்பத்துலயே. நம்ம ஆளுக ரெண்டு பேரும் இவன் எடுப்பான்னு அவனும் அவன் எடுப்பான்னு இவனும் நின்னானுவ. சீக்கிரம் வாங்க. எல்லாரும் வாசலயே பாத்துக்கிட்டு இருக்கானுவ."

கேட்டீர்களா? வாசலையே பார்க்கிறார்கள். நான் வரவில்லையே என்று பிள்ளைகளுக்குக் கவலை. குருசாமி, வைத்துவிடுங்கள், அப்புறம் கூப்பிடுகிறேன்.

ஒரு கோல். பஸ் இன்னும் பக்கத்து ஊர் நள்ளியே தாண்டவில்லை. தூரம் பத்தாது அண்ணாச்சி, அதுதான். டிரைவர் ஏன் இப்படி மாட்டுவண்டி மாதிரி ஓட்டுகிறார்?

என்னைப் பற்றி மட்டும் என்றால் நான் இவ்வளவு தவிக்க மாட்டேன். இருளப்பனைச் சொன்னேன் இல்லையா, கோலி. தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் கட்டுகிறான். கல்யாணமாகிவிட்டது, மனைவி மாசமாக இருக்கிறாள். செமி ஃபைனல் பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு அரசாங்கத் துறை அணிக்கு ஆள் எடுக்க வருகிறார்கள். செமி, ஃபைனல், அவ்வளவுதான் பார்ப்பார்கள். லீக்கெல்லாம் பார்க்க மாட்டார்கள். இருளப்பனுக்கு வயது வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது. நாங்கள் செமிக்குப் போகவில்லையென்றால் அவனை யாரும் பார்க்கப் போவதில்லை. அவன் அப்படியே பண்டல் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒரு மனுஷன் நாற்காலியில் உட்கார்ந்ததற்காக இன்னொரு மனுஷன் காலம் பூராவும் பண்டல் கட்ட வேண்டுமா? நீங்களே சொல்லுங்கள்.

நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைக்கும் படித்தேன், அதற்கு மேல் இங்கிலீஷ் பள்ளிக்கூடம். இரண்டு மொழியிலும் எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியும். எதற்குக் கேட்பது என்பதில்தான் எப்போதும் குழப்பம்.

அன்றைக்கு வேறு ஏதாவது நடந்ததா என்கிறீர்களா? எந்த அன்றைக்கு? நாற்காலி போட்ட அன்றைக்கா? வைதேகியும் இதையேதான் ஒரு தடவை கேட்டாள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஆட்டம் ஜெயித்தோம். முடிந்ததும் பையன்களிடம் இரண்டு வார்த்தை பேசினேன். சின்னதாக ஒரு விதி வைத்தேன். நல்ல விதி.

அதற்கு நீங்கள் கோட்டைச்சாமியைத் தெரிந்துகொள்ள வேண்டும். சென்டர் ஹாஃப். ஆட்டத்துக்கு நடுவில் நின்று எல்லாரையும் ஆட்டுவிக்கிற இடம். வயது நாற்பதை நெருங்குகிறது. மீசைக்கு மை, வீட்டிலிருந்து மைதானத்துக்கு நடந்தால் பத்து நிமிஷம், ஆனாலும் புல்லட்டில்தான் வருவார். ஹாக்கி ஆடித்தான் வங்கியில் கேஷியர் வேலை வாங்கினார். வாரம் முழுக்கக் கவுண்டருக்குப் பின்னால், "அம்மா, இங்கன ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா, அவசரமில்லை" என்று பூ மாதிரிப் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை ஸ்டிக்கைக் கையில் எடுத்தாரோ, வாய் திறந்துவிடும். எதிரணியை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். முழுக்க முழுக்க நம் ஆட்களைத்தான்.

"ஏலே கூறுகெட்டவனே, ஒனக்கு எடப்பக்கம் ஒருத்தன் மாப்பிள்ளை கணக்கா வாரான், ஆரத்தியா எடுக்கப் போற?"

"பந்த வச்சுக்கிட்டு என்னலே பண்ணுத, ஜாதகம் பாக்கியா? வெளிய தள்ளுலே!"

இருளப்பனை இன்னும் மோசம். "பேதியில போவான், கம்பத்தக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கியே, அது என்ன ஒன் பொண்டாட்டியா? ரெண்டு எட்டு முன்னால வாலே! வலது மூலையில அடிக்கப் போறான்!"

ஆட்டம் பூராவும் நிறுத்தாமல். மைதானத்துக்கு வெளியே, மெயின் ரோட்டில் போகிற பஸ்ஸுக்குக் கேட்கும். இவை சொல்லக்கூடியவை. சொல்ல முடியாதவை நிறைய. சால்வை போட்ட அன்றைக்கு வைதேகியும் வந்திருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வைதேகி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தாள். அது வேறு விஷயம்.

வின்னிபெக்கில் என் மகள் ஆடுகிற இடத்தில் வாசலில் பலகை வைத்திருப்பார்கள். கைதட்டுங்கள், குறை சொல்லாதீர்கள், இவர்கள் குழந்தைகள், என்று. அதைப் படித்துப் படித்து எனக்கு மனப்பாடம். அதைத்தான் பையன்களுக்கு எடுத்துச் சொன்னேன். "இனிமேல் மைதானத்தில் யாரும் யாரையும் திட்டக் கூடாது. நல்லதாகச் சொல்ல இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் பேசாமல் ஆடுங்கள்" என்றேன். எல்லாரும் புது ஷூவைப் பார்த்துக்கொண்டே "சரி அண்ணாச்சி" என்றார்கள். கோட்டைச்சாமி கையைக் கட்டிக்கொண்டு, "சரிங்க சார்" என்றார். அதுவரை அவர் என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். முதல்முறையாக சார். மரியாதை எவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டது பாருங்கள் என்று வைதேகியிடம் சொன்னேன். அவள் சால்வையை மடித்து அலமாரியில் வைத்தாள்.

அடுத்த ஞாயிறு நீங்கள் வந்து பார்த்திருக்க வேண்டும் அண்ணாச்சி. அப்படி ஒரு அமைதி. பந்து ஸ்டிக்கில் படுகிற சத்தம், காக்காய்ச் சத்தம், அவ்வளவுதான். கோயில் பிராகாரத்தில் இருப்பது போல இருந்தது. அன்றைக்கு டிரா. அதற்கடுத்த ஆட்டத்தில் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் ஒரே பந்துக்கு ஓடி ஒருத்தர் மேல் ஒருத்தர் மோதி விழுந்தார்கள். கோட்டைச்சாமி வாயைத் திறந்தார். திரும்பி நாற்காலியைப் பார்த்தார். மூடிக்கொண்டார். அந்தக் கட்டுப்பாட்டை ஆட்டம் முடிந்ததும் நான் எல்லார் முன்னாலும் பாராட்டினேன். தோல்வியிலும் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது என்று சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். தன்னடக்கம்.

ஆகவே குறை அவர்களிடம் இல்லை. அவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டார்கள். குறை என்னிடம்தான். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

உற்சாகப்படுத்தவும் நான் தவறவில்லை. வின்னிபெக்கில் சீசன் முடிகிற சமயத்தில் பேப்பரைத் திறந்தால் எந்த அணி மேலே போக எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று போட்டிருப்பார்கள். அதே மாதிரி நானும் கணக்குப் போட்டு, ஒவ்வொரு திங்கட்கிழமையும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். முதலில் தொண்ணூற்று நான்கு சதவீதம். அப்புறம் எண்பது. அப்புறம் அறுபத்தொன்று. போன வாரம் இருபத்திரண்டு. யாரும் பதில் போட மாட்டார்கள். கோட்டைச்சாமி மட்டும் ஒரு கும்பிடு போடுவார்.

இருளப்பன் ஒரு நாள் வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்றுகொண்டே பேசினான். "அண்ணாச்சி, கிரவுண்டு ரொம்ப அமைதியா இருக்கு. வலைக்குள்ள நிக்கப் பயமா இருக்கு. முன்னால நாலு பேரு நின்னா எனக்குப் பந்து தெரியாது. மொதல்லல்லாம்..." என்று ஆரம்பித்தான். அவன் கண்ணில் பயம் தெரிந்தது அண்ணாச்சி. நான் அவனைப் பேசவிட்டுக் கஷ்டப்படுத்த விரும்பவில்லை. தோளைத் தொட்டு உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்து, பயம் வெளியே இல்லை, உள்ளேதான் இருக்கிறது என்று சொல்லி, மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தேன். நான்கு எண்ணி இழுக்க வேண்டும், நான்கு எண்ணி விட வேண்டும். அரை மணி நேரம் என்னோடு சேர்ந்து இழுத்து விட்டான். போகும்போது, "வாரேன் சார்" என்றான்.

அவனும் சார்.

அன்றைக்குத்தான் முடிவு பண்ணினேன். இந்தப் பிள்ளையின் வாழ்க்கையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்துவிட வேண்டும். கடைசி ஆட்டத்துக்குப் போகக் கூடாது. வீட்டிலிருந்தால் காலே இழுத்துக்கொண்டு போய்விடும், அதனால் ஊரிலேயே இருக்கக் கூடாது.

இதோ, மறுபடியும் குருசாமி.

"அண்ணாச்சி, இடைவேளை விடப் போறான். இன்னமும் ஒண்ணுக்கு சைபர்தான். எங்கதான் இருக்கீக? பஸ் சத்தம் கேக்கு?"

"குருசாமி, நான் வரவில்லை. மதுரை பஸ்ஸில் இருக்கிறேன். சாத்தூர் வரப் போகிறது."

"என்னது? மதுரையா? வரலியா?"

"வரவில்லை. இன்றைக்கு வரவே மாட்டேன். பையன்களிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் வாசலைப் பார்க்க வேண்டாம்."

"இருங்க, இருங்க." பாருங்கள், போனைக் கையில் வைத்துக்கொண்டே கத்துகிறார். "ஏலேய்! எல்லாரும் கேளுங்கடா! அண்ணாச்சி வரலியாம்! மதுரைக்குப் போயிட்டாராம்! ஆமாடா, நெசமாத்தான், சாத்தூர்ல இருக்காராம்!"

என்ன சத்தம் அது? விசில் அடிக்கிறார்களா? இல்லை, இடைவேளை விசிலாக இருக்கும். "வச்சிருதேன் அண்ணாச்சி, கேண்டீன்ல கூட்டம்." வைத்துவிட்டார்.

சாத்தூர் வந்துவிட்டது. வெள்ளரிக்காய் வாங்குகிறீர்களா? எனக்கு வேண்டாம். இங்கே எவ்வளவு நேரம் நிற்பான்? நிற்கக் கூடாது. பஸ் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். சிரிக்காதீர்கள் அண்ணாச்சி. எனக்கும் தெரிகிறது, அபத்தம் என்று. ஆனால் ஒரு காரியத்தில் தப்பு நம்முடையது என்று தெரிந்த பிறகு, அபத்தமா இல்லையா என்றெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தூரமாகப் போய்விட வேண்டும் என்றுதான் தோன்றும். இருபத்திரண்டு வருஷம் தூரத்தில் இருந்தபோது இந்த ஊர் நன்றாகத்தானே இருந்தது.

நகர்கிறது. அப்பாடா.

நானே போன் பண்ணட்டுமா? பண்ணினால் கெட்டுவிடுமோ? ஒரு தடவை. ஸ்கோர் மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.

"குருசாமி?"

"அண்ணாச்சி! ஒண்ணுக்கு ஒண்ணு! இப்பத்தான் போட்டோம்! பெனால்ட்டி கார்னர், சும்மா இடி மாதிரி எறங்குச்சு!"

பார்த்தீர்களா! பார்த்தீர்களா அண்ணாச்சி! சாத்தூர் தாண்டின உடனே! இருங்கள், பின்னால் ஏதோ கேட்கிறது. கொஞ்சம் குனியுங்கள். கேட்கிறதா?

"கண்ணு பொடனியிலயாலே இருக்கு? வாரான் பாரு, வாரான் பாரு, எடது பக்கம், தூங்குமூஞ்சி, எடது பக்கம்! ஆங், அப்படித்தான்! இருளப்பா, பேதியில போவான், முன்னால வா! வாலே! கால வையி!"

கோட்டைச்சாமி குரல்.

"குருசாமி, அது என்ன சத்தம்?"

"அது... அது ஒண்ணுமில்ல அண்ணாச்சி. கூட்டம். கூட்டம் சத்தம் போடுது."

கூட்டமாம். கோட்டைச்சாமி குரல் எனக்குத் தெரியாதா? பரவாயில்லை, ஆட்ட வேகத்தில் மறந்துபோய்... இருங்கள், மறுபடியும்.

"ஏ பிரசிடெண்டு! பந்த வச்சுக்கிட்டு உபதேசமா பண்ணுத? தள்ளிவிடுலே, பிரசிடெண்டு!"

பிரசிடெண்ட். கேட்டீர்களா? என்னைத்தான். நான் இல்லாதபோதும்... "குருசாமி, அவர் யாரைக் கூப்பிடுகிறார்?"

"உங்களத்தான் அண்ணாச்சி. உங்கள நெனச்சுத்தான். வச்சிருதேன்."

என்னை நினைத்துத்தானாம்.

உங்களுக்கு இருமலா? தண்ணீர் குடியுங்கள். கடலைமிட்டாய்த் தூள் தொண்டையில் சிக்கியிருக்கும். இந்தாருங்கள் பாட்டில்.

யாரோ மெதுவாக ஆடுகிற பையனை அப்படிக் கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது. இல்லையா? பந்தை வைத்துக்கொண்டு விடாமல் நிற்கிறவனை.

இல்லை, நான் ஒன்றும் நினைக்கவில்லை. சும்மா வெளியே பார்த்தேன்.

கிட்டத்தட்ட முடிந்திருக்கும். ஒன்றுக்கு ஒன்று போதாது, ஜெயிக்க வேண்டும். போனைக் கையில் வைத்திருக்கப் பயமாக இருக்கிறது. நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கை ராசியான கையாக இருக்கலாம்.

அடிக்கிறது. நீங்களே எடுங்கள். அழுத்துங்கள், அந்தப் பச்சையை.

"அண்ணாச்சி! ரெண்டுக்கு ஒண்ணு! செமி போயாச்சு! இருளப்பன் கடைசி நிமிஷத்துல ஒண்ணு புடிச்சான் பாருங்க, நாலு பேரு மறைச்சு நிக்கானுவ, கோட்டைச்சாமி வலதுன்னு ஒரு கத்து, கண்ண மூடிக்கிட்டு வலது பக்கம் விழுந்தான், பந்து நெஞ்சுல! தூக்கிட்டானுவ அவன! இங்கன பாருங்க, இருளப்பன் பேசணுங்கான்."

"அண்ணாச்சி..." மூச்சு வாங்குகிறது அவனுக்கு. அழுகிறானோ? "அண்ணாச்சி, செமி போயிட்டோம் அண்ணாச்சி."

அண்ணாச்சி என்கிறான்.

"நன்றாக ஆடினாய் இருளப்பா. மூச்சுப் பயிற்சி செய்தாயா?"

"...செஞ்சேன் அண்ணாச்சி." ஏன் ஒரு நொடி தாமதித்தான்? "அண்ணாச்சி, அடுத்த ஞாயித்துக்கிழமை செமி. வெயிலு இப்பமே கொளுத்துது. நீங்க... உங்களுக்கு எதுக்கு அலைச்சல்? நாங்க போன்ல சொல்லிருதோம்."

"வரவில்லை இருளப்பா. கவலைப்படாதே. வரவே மாட்டேன்."

"உங்க மனசு யாருக்கும் வராது அண்ணாச்சி." வைத்துவிட்டான்.

பார்த்தீர்களா. நல்ல பையன். வெயிலைப் பற்றி யோசிக்கிறான்.

ஜெயித்துவிட்டோம். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. இருக்க வேண்டும், இல்லையா? நான் நினைத்தது சரியாகிவிட்டது. நான் இல்லாவிட்டால் ஜெயிப்பார்கள் என்றேன், ஜெயித்தார்கள். சரியாக நினைத்த மனுஷன் இப்படி உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

போனைக் கொடுங்கள், ஒரு வாழ்த்துச் செய்தி அனுப்பிவிடுகிறேன். குரூப்பில். தலைவர் என்ற முறையில். இருங்கள், எழுதிவிட்டு உங்களிடம் காட்டுகிறேன். "வெற்றிக்கு மனமார்ந்த வாழ்த்துகள். அனைவரும் சிறப்பாக ஆடினீர்கள். ஆனால் இன்று மைதானத்தில் கேட்ட சில சொற்கள் வருத்தம் அளித்தன. நாம் வைத்துக்கொண்ட விதியை அரையிறுதியில்..." இது வரைக்கும் போதுமா? கடுமையாக இல்லையே?

என்ன அண்ணாச்சி, ஏன் போனைப் பிடுங்குகிறீர்கள்?

அனுப்பாதே என்கிறீர்களா?

ஏன்?

விருதுநகர் வந்துவிட்டது. கண்டக்டர் கத்துகிறார். உங்கள் பை மேலே இருக்கிறது, நான் எடுத்துத் தருகிறேன். சரி, அனுப்பவில்லை, போனைக் கொடுங்கள். இதோ, அழிக்கிறேன். உங்கள் முன்னாலேயே அழிக்கிறேன். ஒவ்வொரு எழுத்தாகப் போகிறது பாருங்கள். போதுமா? அடுத்த ஞாயிறு திருச்சி பஸ் ஏறுகிறேன். அதுவும் போதாதென்றால் சென்னை.

ஆனால் இப்படிப் பார்த்துவிட்டு இறங்காதீர்கள் அண்ணாச்சி. ஒரு நிமிஷம். பின்னால் நிற்கிறவர் பொறுத்துக்கொள்வார். நீங்கள் முன்பின் தெரியாத மனுஷர், என்னிடம் உங்களுக்கு ஷூவும் வேண்டாம், பேட்டும் வேண்டாம், முகத்துக்காக எதையும் சொல்ல வேண்டிய அவசியமில்லை. நாற்காலிதானே அண்ணாச்சி? கைப்பிடி வைத்த அந்தச் சிவப்பு நாற்காலிதானே காரணம்? நாற்காலிதான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குங்கள்.